விராலடிப்பானின் பிடி

பெற்றோலுக்கு வரிசை தொடங்கிய வருஷம் அது. மஸ்கெலியா டவுனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், வண்டியை நாங்கள் குடியிருந்த தோட்ட லயத்துக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு மீன் பிடிக்கப் போகத் தொடங்கினார். நான் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள்.

மீன் பிடிப்பது என்றவுடன் படகு, இயந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ஒரு அண்ணன் நாலு லொறி டியூபுகளை மூங்கிலோடு சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து ஒரு தெப்பம் வைத்திருந்தார். பின்னேரம் இரண்டு பேரும் போய் நீர்த்தேக்கத்தில் வலையை விரித்துவிட்டு வருவார்கள். வலையின் இரண்டு முனையிலும் கல்லைக் கட்டி இறக்கியிருப்பார்கள். மேல்விளிம்பில் வெறும் சோடாப் போத்தல்கள் மிதக்கும். விடிந்ததும் போய் வலையைத் தூக்கினால் திலாப்பியா இருக்கும். சில நாளைக்கு நிறைய, சில நாளைக்குக் குழம்புக்கு மட்டும். லைசன்ஸ் எதுவும் கிடையாது. அதுவும் ஒரு பயம். ஆனால் என் பெரிய பயம் அதுவல்ல. அவருக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்திலேயே பிறந்தும் நாங்கள் பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர்கள்.

அவர் போன பிறகு என்னால் படுத்திருக்க முடியாது. மகளுக்குப் போர்த்திவிட்டு, தேயிலை மலைக்குக் கீழே ரோட்டோரத்தில் போய் நிற்பேன். மாசி மாதக் கடைசி. தண்ணீர் வற்றி, நீர்த்தேக்கம் கட்டும் முன்பு அங்கே நின்ற மரங்களின் பட்ட கட்டைகள் வெளியே தெரிந்தன. பனிமூட்டம் தண்ணீர் மேல் படுத்திருக்கும். தெப்பம் அதற்குள் எங்கோ இருக்கும். துடுப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கேட்காவிட்டால் சரிவில் இன்னும் நாலு எட்டுக் கீழே இறங்குவேன்.

அப்படி நின்ற ஒரு காலையில்தான் அந்தப் பறவையை முதலில் கண்டேன். தொப்பென்று தண்ணீரில் ஏதோ பெரிதாக விழுந்தது. அவர்தான் விழுந்துவிட்டார் என்று நினைத்து "ஏங்க!" என்று கத்திக்கொண்டு சரிவில் பாதி தூரம் ஓடிவிட்டேன். மூட்டம் கிழிந்த இடத்தில் ஒரு பருந்து தண்ணீரிலிருந்து கிளம்பி மேலே வந்தது. வெள்ளைத் தலை. கண்ணிலிருந்து கழுத்துப் பின்புறம் வரை ஒரு கறுப்புப் பட்டை. இரண்டு காலிலும் ஒரு மீனைத் தலை முன்னால் இருக்கும்படி பிடித்திருந்தது. நடுவானில் நாய் உடம்பை உதறுவதுபோல் ஒரு தரம் உதறிக்கொண்டு, பட்ட மரமொன்றில் போய் உட்கார்ந்து மீனைக் கிழித்துத் தின்னத் தொடங்கியது. மீன் அப்போதும் துடித்துக்கொண்டிருந்தது. நான் ஈரப் புல்லில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கு அவர் வந்ததும் சொன்னேன். சிரித்தார்.

"அது மீன் கழுகு புள்ள. மழை காலத்துல வரும், அப்புறம் எங்கயோ போயிரும். நமக்கு முன்னாடி அதுதான் மீன் இருக்கிற எடத்தக் காட்டுது."

ஒரு கிழமை கழித்து, தெப்பத்துக்காரர் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வலை முதல்நாளே விரித்தாயிற்று. விடியற்காலை இவர் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

"இன்னிக்கு வேணாம், விட்டுருங்க" என்றேன்.

"வலை தண்ணிக்குள்ள கெடக்கு. ரெண்டு நாள் விட்டா மீனெல்லாம் அழுகிப் போயிரும். வலையும் நம்மளது இல்ல."

"தனியாவா போவீங்க?"

"போயிட்டு ஒடனே வந்துருவேன்."

கரையில் பயந்துகொண்டு நிற்பதை நினைத்தேன். கூடப் போய்ப் பயப்படுவது அதைவிடப் பரவாயில்லை என்று தோன்றியது. "அப்ப நானும் வர்றேன்" என்றேன். அவர் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லவில்லை. அவருக்கும் தனியாகப் போக உள்ளூரப் பயம் இருந்திருக்க வேண்டும். மகளைப் பக்கத்துக் காம்பரா அக்காவிடம், அந்த அண்ணனின் மனைவியிடம், விட்டுவிட்டுப் போனோம்.

தெப்பத்தில் ஏறியதுமே பிழை செய்துவிட்டேன் என்று தெரிந்தது. காலுக்குக் கீழே எல்லாம் அசைந்தது. பலகைகளின் இடைவெளியில் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. நான் நடுவில் குந்தி மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன். கரை பத்துப் பதினைந்து துடுப்பில் மறைந்தது. அதற்குப் பிறகு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெள்ளை. மூட்டத்துக்குள் எங்கோ உயரத்தில் அந்தப் பறவை கத்துவது கேட்டது. அவ்வளவு பெரிய உடம்புக்குக் கோழிக்குஞ்சின் விசில் போன்ற சின்னக் குரல்.

முதல் போத்தலைக் கண்டுபிடித்து வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போனோம். அவர் தெப்பத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்து மீனைக் கழற்றிக் கழற்றிப் பின்னால் போட, நான் சாக்கில் போட்டேன். நாலைந்து மீன் ஆகியிருக்கும். எங்களுக்கு முன்னால் இரண்டு ஆள் நீளத் தூரத்தில், வலையில் மாட்டிய பெரிய மீனொன்று மேல்மட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அது மேலிருந்து வந்ததை நான் பார்க்கவில்லை. காற்று கிழிபட்டதுபோல் ஒரு சத்தம். அடுத்த கணம் முகமெல்லாம் தண்ணீர். தெப்பம் குதித்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பெரிய மீன் இருந்த இடத்தில் இரண்டு இறக்கைகள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. எழும்பப் பார்த்தது, முடியவில்லை. மீன் வலையில், வலை கல்லில். அடிக்க அடிக்க நைலோன் நூல் அதன் இறக்கையையும் சுற்றிக்கொண்டது.

"வாங்க, போயிரலாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வலைய அறுத்துப்புடும். அண்ணனுக்கு என்னா சொல்றது?" என்று சொல்லிக்கொண்டே வலையை இழுத்துத் தெப்பத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். வலதுகையில் சின்னக் கத்தி. பறவையைச் சுற்றிய நூலை மட்டும் வெட்டிவிட்டால் அது பறந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இடதுகையால் வலையைத் தூக்கினார்.

பறவையின் ஒரு கால் மீனில் இருந்தது. மற்றக் கால் தண்ணீருக்குள் இருந்து வந்து அவருடைய இடது முழங்கைக்குக் கீழே பிடித்தது.

அவர் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கத்தி தண்ணீரில் விழுந்தது. கையை உதறினார். உதற உதற அது இறுக்கியது. நகங்கள் முழுதாக உள்ளே போய்விட்டன. சட்டைக் கையில் இரத்தம் முதலில் ஊறி, பிறகு சொட்டியது.

அந்த நேரம் பார்த்துக் காற்று எழும்பியது. வலை கல்லோடு நின்றது, தெப்பம் மட்டும் நகர்ந்தது. நடுவில் அவர் கை. கை நீண்டுகொண்டே போனது. அவர் உடம்பு பலகையிலிருந்து வழுகத் தொடங்கியது. நான் பின்னாலிருந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். தெப்பம் அந்தப் பக்கம் சாய்ந்தது. தண்ணீர் பலகை மேல் ஏறி என் முழங்கால் வரை வந்தது. ஐஸ் தண்ணீர்.

இந்த இடத்தில் நான் பொய் சொல்லக் கூடாது. என் கை அவர் சட்டையை விட்டது. வழுகவில்லை, நான்தான் விட்டேன். விட்டுவிட்டு இரண்டு கையாலும் மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் நெஞ்சு வரை தண்ணீருக்குள் போனார். வலதுகை டியூபைக் கட்டிய கயிற்றில் மாட்டியிருந்ததால்தான் முழுக்கப் போகவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் இருக்கும். அவ்வளவு நேரமும் நான் அவரைப் பார்க்கவில்லை. மூங்கிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புள்ள... கயித்த இழு... வலைக் கயித்த" என்றார். வாயில் தண்ணீர் போய் இருமினார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. துடுப்பை நீட்டி வலையின் மேல்கயிற்றைக் கொக்கிபோல் மாட்டி இழுத்தேன். கைக்கு வந்தது. அதை மூங்கிலில் இரண்டு சுற்றுச் சுற்றி அதன் மேலே ஏறி உட்கார்ந்தேன். தெப்பம் நின்றது. அவர் கையில் இருந்த இழுவை விட்டது. பெல்ட்டைப் பிடித்து நான் தூக்க, அவரும் உன்னி ஏற, ஒரு மாதிரிப் பலகை மேல் வந்து விழுந்தார். கையோடு சேர்ந்து மீன், வலை, பறவை எல்லாமே வந்தன.

அது என் முகத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. மஞ்சள் கண். அந்தக் கண்ணில் கோபம் இருந்தது என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் கோபம் இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் பயம். மூன்று பேரும் பயந்து ஒரே பலகையில் கிடந்தோம்.

"தலையில அடி" என்றார் அவர். உதடு வெளுத்திருந்தது.

துடுப்பை ஓங்கினேன். அடித்தால் அது இன்னும் இறுக்கும் என்று நினைத்தேனா, எனக்குக் கை வரவில்லையா தெரியாது. துடுப்பைக் கீழே போட்டேன். எங்கள் பாலர் பாடசாலையில் ஒரு பிள்ளை வெறிபிடித்ததுபோல் அழும்போது, மடியில் போட்டு முகத்தை முந்தானையால் மூடிவிடுவேன். இருட்டானால் கொஞ்சம் அடங்கும். வேறொன்றும் தெரியாததால் அதையே செய்தேன். அவர் தலையில் இருந்த கம்பளித் தொப்பியைப் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு, பறவையின் தலையில் கவிழ்த்துக் கழுத்து வரை இழுத்துவிட்டேன்.

அது அடங்கிப்போனது. இறக்கை பலகையில் விரிந்தபடி கிடந்தது. தொப்பி மட்டும் மூச்சுக்கு மூச்சு அசைந்தது.

"இப்ப ஒவ்வொண்ணா எடு. பின்னாடி இருக்கிறத மொதல்ல" என்றார்.

முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். பாதத்தின் அடி அரம்போல் சொரசொரவென்று இருந்தது. மீன் வழுகாமல் இருக்கத்தான் அப்படி. நகத்தை அதன் வளைவுக்கே திருப்பி உருவ வேண்டியிருந்தது. ஒன்று வெளியே வந்ததும் அவர் தொடை நடுங்கியது. இரண்டாவதை எடுக்கும்போது அது மறுபடி இறுக்கியது. நான் கையை எடுக்கவில்லை. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவருக்கா அதற்கா என்று தெரியாமல். நாலாவது நகம் வந்ததும் அவர் கண் சொருகியது. என் சால்வையால் கையை இறுக்கிக் கட்டினேன்.

கத்தி இல்லை. பறவையைச் சுற்றிய நூலையும் வலைக் கயிற்றையும் பல்லால் கடித்துக் கடித்து அறுத்தேன். வாயெல்லாம் மீன் நாற்றமும் இரத்தமும். ஒரு துண்டு வலை அதன் இறக்கையோடு அப்படியே இருந்தது. அதைத் தண்ணீரில் தள்ளினால் செத்துவிடும். மடியில் வைத்துக்கொள்ளத் தைரியம் இல்லை. மீன் சாக்கின் மேல் கிடத்திவிட்டுத் துடுப்பை எடுத்தேன்.

கரை எங்கே? ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பக்கம் என்று நினைத்துத் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தேன். அப்போது வேலைக்கு ஆள் கூப்பிடும் ஃபெக்டரிச் சங்கு ஊதியது. சத்தம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அதுவரை தண்ணீரின் நடுவைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். திருப்பினேன். சங்கு நின்றுவிட்டது. திருப்பியது சரியா, மூட்டத்தில் சத்தம் ஏமாற்றுமா என்று தெரியவில்லை. அவர் பேசவில்லை. "ஏங்க, பேசுங்க" என்று கத்தினேன். "ம்" என்றார். நான் கத்தும்போதெல்லாம் ஒரு "ம்". அந்த "ம்"மைக் கேட்டுக் கேட்டுத்தான் கரைக்கு வந்தேன்.

சேற்றில் தெப்பம் முட்டியதும் அவரை இறக்கி உட்கார வைத்தேன். பிறகு பறவையைச் சாக்கோடு இழுத்துக் கரையில் போட்டு, ஒட்டியிருந்த நூலைக் கழற்றினேன். கடைசியில் தொப்பியை உருவிக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. ரோட்டுக்கு ஏறிய பிறகு பார்த்தேன். சிவப்புச் சேற்றில் இறக்கையை விரித்தபடி நின்றுகொண்டிருந்தது.

ஆட்டோ இருந்தும் பெற்றோல் இல்லை. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் எனக்கு வேறு யோசனை. லைசன்ஸ் இல்லாத வலை. இந்தப் பறவையைத் தொட்டாலே கேஸ் என்று யாரோ சொன்ன ஞாபகம். பொலிஸ் வந்தால் அண்ணனுக்கும் சேர்த்து வம்பு. ஆஸ்பத்திரியில் இறங்குமுன் கணவர் காதில் சொன்னேன்: "முள்ளுக்கம்பி குத்திருச்சுன்னு சொல்லுங்க."

டாக்டர் சின்ன வயதுக்காரர், யாழ்ப்பாணத்துத் தமிழ். சால்வையை அவிழ்த்துப் பார்த்தார்.

"என்ன நடந்தது?"

"முள்ளுக்கம்பிங்க" என்றேன் நான்.

"முள்ளுக்கம்பி ரெண்டு பக்கத்தாலயும் ஒரேயடியாக் குத்துமோ?" என் முகத்தைப் பார்த்தார். "அக்கா, நான் பொலிஸ் இல்லை. என்ன குத்தினதெண்டு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்கலாம். இது ஆழமான காயம். பிழையான மருந்தெண்டா கை போயிடும்."

கை போயிடும் என்ற சொல்லில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர் கேட்டுக்கொண்டே ஊசி போட ஆயத்தம் செய்தார்.

"தலை வெள்ளையோ? கண்ணால ஒரு கறுப்புக் கோடு?"

"ஆமாங்க."

"விராலடிப்பான். எங்கட ஊர்க் கடலுக்கும் மாரியில வரும். மனுசரைப் பிடிச்சதெண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்." வேறு எதுவும் கேட்கவில்லை. காகிதத்தில் 'பறவை' என்று மட்டும் எழுதினார்.

அடுத்த நாள் கை வீங்கித் தோள் வரை சிவந்தது. காய்ச்சலில் அவர் பிதற்றினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். காயத்தைத் திறந்து சுத்தம் செய்தார்கள். மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அந்த மூன்று நாளும் தண்ணீரில் இருந்ததைவிட மோசம். கட்டுப் போட்ட கையின் விரல் நுனிகளை மணிக்கொரு தரம் தொட்டுப் பார்ப்பேன், சூடு இருக்கிறதா என்று.

மூன்றாம் நாள் பின்னேரம் காய்ச்சல் விட்டது. கை தப்பியது என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரரிடம் இவர் கதை சொன்னார்: "எம் பொண்டாட்டி மட்டும் இல்லேன்னா நான் இன்னிக்கு அடியிலதான் கெடந்திருப்பேன். ஒரு நிமிசம் என்னைய விடலீங்க."

எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. பார்வையாளர்கள் போனதும் கட்டிலோரம் குனிந்து சொன்னேன். "நான் விட்டேங்க. ஒங்க சட்டைய விட்டுட்டு மூங்கிலப் புடிச்சுக்கிட்டேன். வேணும்னுதான் விட்டேன்."

அவர் கட்டுப் போட்ட தன் கையைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "சட்ட தளர்ந்தது எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அவருகிட்ட அப்புடிச் சொன்னீங்க?"

"ரெண்டு பேரும் விழுந்திருந்தா புள்ளைக்கு யாரு இருக்கா? நீ விட்டது நல்லதுதான்." பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படிச் சொன்னாரே தவிர, அன்றிரவு சாப்பாட்டை என் கையால் வாங்கிச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார். அதைப் பற்றி அதன்பின் நாங்கள் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்துக் காம்பரா அக்கா பறவையின் செய்தியைச் சொன்னார். மூன்று நாள் பட்ட மரத்தில் ஒரு இறக்கையைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்ததாம். நாலாம் நாள் மீன் அடித்ததாம். ஐந்தாம் நாள் காணவில்லையாம். வலை பாழானதற்கு அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெப்பத்தை அவரே பிரித்துப்போட்டார்.

இடதுகையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஆட்டோவின் கிளட்ச் இடதுகையில்தான். பெற்றோல் திரும்பக் கிடைத்த பிறகும் வண்டி தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. மகளின் ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு காலையும் மாலையும் வாசலில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருப்பார். வலி வந்தால் பந்தைத் தேயிலைக்குள் எறிவார். மகள் ஓடிப்போய் எடுத்து வருவாள். எட்டு மாதம் ஆயிற்று, மறுபடி டவுனுக்கு ஓட.

கார்த்திகையில் ஒரு காலை, எங்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போனார். மகள் அந்த வருஷம் முதலாம் வகுப்பு. நீர்த்தேக்கத்து வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். அந்த விசில் சத்தம் எனக்கும் கேட்டது.

"வந்துருச்சு" என்றார். "வா, பாக்கலாம்."

"நீங்க பாருங்க."

அதே பறவையா, வேறொன்றா, யாருக்குத் தெரியும். தண்ணீர் நிறைந்து பட்ட மரங்கள் எல்லாம் முழுகியிருந்தன. மகள் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள். நான் வண்டிக்குள்ளேயே இருந்தேன். தண்ணீரில் அது விழும் சத்தம் கேட்டபோது முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன். மகள் கை தட்டினாள். அவர் தட்டவில்லை. இடதுகையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி அடிச்சிருவாங்க, போகலாம்" என்றேன்.

இரண்டு பேரும் வந்து ஏறினார்கள்.